ஏழாம் எண் குப்பி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், படத்தில் விழும் கோடுகளைப் பார்த்தே, ரத்தம் கொடுத்தவன் எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவான் என்று சொல்லிவிடுவேன் என்றார் வரைபடக்காரர். குரோமோசோமை நறுக்கிய துண்டுகளை, கோடுகள் ஒத்துப்போகிறபடி மறுபடி வரிசையாக அடுக்குவது அவர் வேலை. அவர் விட்ட புளுகுகளை அடுக்கினால் குரோமோசோமைவிட நீளமாகப் போகும்.

"கயிறு திரிங்க சகலை, யாரு கேக்கப் போறா!" என்றார் ரத்தம் சேகரிப்பவர். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள்.

ஏழாம் எண் குப்பியில் இருந்த ரத்தத்தின் துண்டுகள் மட்டும் மூன்று வாரமாகச் சேர மறுத்தன. யாருடைய ரத்தம் என்று கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வரைபடக்காரர் அடியில் விளக்கெரியும் மேசையில் அதன் கோடுகள் பதிந்த படத்தைப் பரப்பினார். நடுவே ஒரு துண்டையே காணோம். அது இல்லாதவர்களின் கதி அவருக்குத் தெரியும். அவர் சிரிப்பு அடங்கியது.

"இந்த ஆளுக்கு இந்நேரம் இடது கை மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் பிடிமானம் போகும். கடைசியில மூச்சு. யாரு பெத்த பிள்ளையோ!"

"அடுத்த புளுகா?" என்ற சகலையின் கையிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. வரைபடக்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"ரத்தம் எடுத்த அன்னைக்கு ஏழாவது ஆள் வரலை. குப்பி காலியாப் போகக் கூடாதேன்னு என் ரத்தத்தையே நிரப்பிட்டேன்," என்றார் சகலை மெதுவாக. "நீங்க சொன்னது நடந்துடுச்சு. இடது கைதான்."