வெள்ளைப் பொருக்கு

பளபளப்புக் கரைசல் வாளியில் விழுவது பாஞ்சாலையின் முகப் பவுடர்தான் என்று ஃப்ளோரா முடிவு கட்டியிருந்தாள். சாட்சி என்று கேட்டால் பாஞ்சாலையின் முகம் ஒன்றுதான்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஃப்ளோராவின் பட்டறை சின்னது. அகல் விளக்கு, பிள்ளையார், மாதா சுரூபம் என்று சுட்டு விற்பார்கள். ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து சில மாதங்களாகச் கழிவு புளித்து உண்டாகும் எரிவாயு சூளைக்குக் குழாயில் வந்தது. சமீபமாகச் சூளையைத் திறந்தால், பளபளவென்று வர வேண்டிய பொம்மைகள் வெள்ளைத் தூள் படிந்து சொரசொரத்தன. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

பளபளப்புக் கரைசலில் பொம்மைகளை முக்கி எடுப்பது பாஞ்சாலையின் வேலை. கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், தலை நிறையக் கனகாம்பரமும் முகம் நிறையப் பவுடருமாக.

"மூஞ்சியக் கழுவிட்டு வந்து வாளியத் தொடு" என்றாள் ஃப்ளோரா, எல்லோர் எதிரிலும்.

"பாத்துக் கழுவுக்கா, எஸ்டேட்டுத் தண்ணியெல்லாம் பாலாயிடப் போவுது!" என்று கூட வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ சொல்ல, பட்டறையே சிரித்தது. பாஞ்சாலை முகத்தைக் கழுவினாள். மறுநாளிலிருந்து பவுடர் இல்லாமல் வந்தாள். அப்படியும் வெள்ளை நிற்கவில்லை. பழைய கரைசலில் பவுடர் ஏற்கெனவே கலந்துவிட்டது என்று அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள் ஃப்ளோரா. பாஞ்சாலையைப் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றி அடுக்குகிற வேலைக்கு அனுப்பினாள்.

இன்று சூளையின் நெருப்பு விட்டுவிட்டு எரிந்தது. அணைத்து ஆறவிட்டு, ஃப்ளோரா பர்னரைக் கழற்றினாள். அதன் வாய்க்குள் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. விரலால் சுரண்டினாள். உதிர்ந்தது. நெருப்பு புறப்படும் இடம் இது. இங்கே எந்தப் பொம்பளை முகத்தைக் கொண்டுவந்து வைத்தாள்?

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெரோமுக்கு போன் செய்தாள். பூசைக்கு அவள் போகும் மாதா கோயிலுக்கே வருகிறவன்.

"ஷாம்பு, தலைக்குப் போடுற சீரம், கிரீமு, இதுலல்லாம் சிலிக்கான் இருக்குதுக்கா. குளிக்கிற தண்ணியோட இங்க வந்து கேஸுல கலந்துடுது. துளிதான். ஆனா எரிஞ்சா மணலு மாதிரி வெள்ளையா படியும். அதப் புடிக்கத்தான் கரி வடிகட்டி வெச்சிருக்கோம். அது தீந்துபோச்சு போல. நாளைக்கே மாத்திடுறோம்."

"பவுடரு?"

"பவுடரு எங்கக்கா ஆவியாவப் போவுது? அது அடிச்சேத்துல தங்கிடும்."

ஃப்ளோரா போனை வைத்தாள். ஊரே குளித்த தண்ணீர். அதில் அவள் மகள் வாரம் தவறாமல் தேய்க்கிற சீரமும் உண்டு. ஒருத்தியை மட்டும் ஏன் பிடித்தாள்? கணவன் சவரிராஜ் செத்ததிலிருந்து ஃப்ளோரா வகிடு எடுக்க மட்டும்தான் கண்ணாடி பார்த்தாள். புருஷன் விட்டுப்போன பாஞ்சாலையோ தினமும் திருவிழாவுக்கு வருகிறவள் போல வந்து இறங்கினாள். அது கண்ணை உறுத்தியது. பழி சொல்ல ஒரு வெள்ளை கிடைத்ததும் மனசுக்குள் இலேசாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போதுதான் தனக்கே ஒப்புக்கொண்டாள்.

வைக்கோல் குவியலருகே போனாள்.

"பாஞ்சாலை, கேஸுலதான் கோளாறாம். உன் மேல தப்பில்ல. நாளையிலேருந்து நீயே முக்கு."

பாஞ்சாலை நிமிராமல் ஒரு பிள்ளையாரைச் சுற்றி முடித்தாள். "சரிங்க."

"கோவமா?"

"கோவப்பட்டு என்னாத்துக்குங்க? வூட்ல எம் பொண்ணு கேட்டா, ஏம்மா இப்பல்லாம் பவுடரு போடறதில்லன்னு. ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "என்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்குத்தான் முன்னமே தெரியுமே, என்னால இல்லன்னு. சிரிச்சாங்களே, அவங்களுக்குல்ல தெரியணும்?"

ஃப்ளோராவுக்கு முகம் சுட்டது. முதலாளி என்கிற நினைப்பு ஒரு கணம் தலைதூக்கியது. பிறகு பட்டறை நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பொம்ம கெட்டது கேஸால. பாஞ்சாலையால இல்ல. தெரியாம நான் பழி போட்டுட்டேன்."

மண் அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயஸ்ரீ காதில் கைவைத்துக் கத்தினாள்: "என்னாங்க? கேக்கலியே!"

ஃப்ளோரா நடந்து போய் மிஷினை நிறுத்தினாள். அந்த அமைதியில், ஒரு சொல்லும் விடாமல், முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.