ஒரு வரியில் இரண்டு பேர்

கானாடுகாத்தானிலிருந்து வந்த கார்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சுழல் நாற்காலியில் இருந்த சின்னராஜைத் தாண்டி அவர் கண் போனது.

"அம்மா இல்லையா? நாகம்மை ஆச்சி கூட்டியாரச் சொன்னாக."

"நாந்தான் ஓனர்."

"அது தெரியும் சார். அம்மா எங்குட்டு?"

காரைக்குடியில் தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியபோது சின்னராஜ்தான் மனைவி யூஜினியாவையும் மதுரைக்குக் கூட்டிப் போனான். சனிக்கிழமைதோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விஷுவல் பேசிக் படித்தார்கள். அவனுக்கு ஏறவில்லை. அவளுக்கோ, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை யாரோ ஞாபகப்படுத்துவது போல இருந்தது. போர்டில் இன்னும் அவன் பெயர்தான் பெரிதாக இருந்தது. வருகிறவர்கள் அம்மாவைத்தான் கேட்டார்கள்.

ஆச்சிக்குத் தன் வம்சம் முழுவதும் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். விண்டோஸில் ஃபோல்டர்கள் விரிகிற மாதிரி ஒரு மரம். கூட்டல் குறியை அமுக்கினால் பிள்ளைகள் அப்பனுக்குக் கீழே வரிசையாக இறங்குவார்கள். கழித்தலை அமுக்கினால் திரும்ப உள்ளே போய்விடுவார்கள். முதலில் சின்னராஜ்தான் புரோகிராம் எழுதினான். ஆளுக்கு ஒரு வரி. அப்பனுக்குக் கீழே பிள்ளையை வைத்தான். அம்மாவை எங்கே வைப்பது? அந்த மரத்தில் ஒரு வரிக்கு மேலே ஒரே ஒரு வரிதான் இருக்க முடியும். பல நாள் முட்டினான். யூஜினியா ஆச்சி வீட்டுக்குப் போய், உங்கள் ஆட்களில் குடும்பக் கணக்கை எப்படி வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர்கள் ஆளை எண்ணுவதில்லையாம். கல்யாணம் ஆன புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒரு புள்ளி. திரும்பி வந்தவள் இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் போட்டாள். மரம் நிமிர்ந்து நின்றது.

அவன் வயிறு எரிந்தது. பெண்சாதி மேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆனாலும் அவள் மாதா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அந்தப் புரோகிராமைத் திறந்து, எங்கேயாவது பழுது அகப்படுமா என்று தேடினான்.

படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படைக்கிற அன்றைக்கு, பங்காளிகள் எல்லாரும் கூடும்போது மரத்தைக் காட்ட வேண்டும் என்றார் ஆச்சி.

"நான்தான் காட்டுவேன்," என்றான் சின்னராஜ்.

"காட்டுங்க," என்றாள் யூஜினியா, தலையைக்கூட நிமிர்த்தாமல். அதுவும் உறுத்தியது.

காரில் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனான். யூஜினியாவும் கூட வந்தாள். பெரிய வீட்டின் வளவு முற்றத்தில் பட்டும் ஜிப்பாவுமாகச் சூழ்ந்து நின்றார்கள். அவன் குறிகளை அமுக்க அமுக்க, பெயர்கள் இறங்கின. "அட, நம்ம பர்மாக்காரவுக" என்று யாரோ சொன்னபோது அவனுக்குத் தோள் அகன்றது.

"போன வருசம் இவுக தவறிப் போனதை ஏத்தலையே தம்பி," என்றார் ஆச்சி, தன் வரியில் இருந்த புருஷன் பெயரைக் காட்டி.

இதற்கா யோசனை? வரியைத் தொட்டு டெலிட்டைத் தட்டினான். ஆச்சியின் புருஷன் போனார். கூடவே ஆச்சி போனார். அவர்களுக்குக் கீழே இருந்த மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரு நொடியில் போனார்கள்.

"ஒருத்தரு போனதுக்கு வீட்டையே காலி பண்ணிட்டீகளே," என்றார் ஒரு பங்காளி. சிரிப்பு வளவைச் சுற்றி வந்தது. ஆச்சி சிரிக்கவில்லை.

"அவுக போனா நானும் இல்லேன்னு ஆயிருமா தம்பி? எங்கள்ல அது அரைப்புள்ளி. பாதி நிக்கும்."

யூஜினியா பின்னாலிருந்து அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, புரோகிராமை மூடித் திறந்தாள். எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். "ஒண்ணும் ஆகல ஆச்சி. திரையிலதான் அழியும், டிஸ்க்குல அழியாது. அரைப்புள்ளிக்கு நான் வழி பண்றேன்."

திரும்பும்போது கேட்டான். "டிஸ்க்குல அழியாம ஏன் வச்ச?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நீங்க கை வைப்பீகன்னுதான்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பான்.

அதற்கப்புறம் சோறு கேட்பதற்கு மட்டும் பேசினான். ஒரு மாலை அவள் கோயிலுக்குப் போனதும் புரோகிராமைத் திறந்தான். அரைப்புள்ளியைச் சோதித்துப் பார்க்க அவள் தங்கள் பெயரையே போட்டிருந்தாள். 'சின்னராஜ் – யூஜினியா'. ஒரு பெயரைச் சுற்றி அடைப்புக்குறி. வரியின் கடைசியில் 'அரை'. என்னைச் சாகடித்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தான். பழுது அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் கிட்டே போய்ப் பார்த்தான். அடைப்புக்குறிக்குள் இருந்தது அவள் பெயர்.

வாசலில் முக்காட்டை இறக்கியபடி நின்றாள்.

"என் பேர வச்சுப் பாக்க வேண்டியதுதானே?" என்றான்.

"மனசு வரல." முக்காட்டை மடித்து வைத்தாள். "நான் போனாலும் வரி நிக்கிது. பாத்துட்டேன்."

அந்த நேரத்திலும் அவனுக்கு, இதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

நிஜமாகவே அவள் முந்திக்கொண்ட வருஷம், கல்லறைக்கல் வெட்டுகிறவர், "பேரு நடுவுலயா சார்?" என்று கேட்டார். ஒரு ஓரமாக வெட்டச் சொன்னான். கல் நட்ட அன்று தூறல் விழுந்தது. வலப்பக்கம் அவள் பெயரின் குழிகளில் தண்ணீர் தங்கி நின்றது. இடப்பக்கத்து வெறுங்கல்லில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.