ஒரு ஆளுக்குச் சாமான்

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் காலையில் கரைக்கு இறங்கினேன். "நான் இனிமே வரலைங்க, இந்த ஊரோட இறங்கிக்கிறேன்." அவ்வளவுதான் விஷயம். மூன்று வாரமாகத் தொண்டைவரைக்கும் வந்து திரும்பிப் போகிறது.

நானும் என் வீட்டுக்காரரும் பதினான்கு மாதமாகப் பாய்மரப் படகில் சுற்றுகிறோம். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும், மேலேயும் கீழேயும் போனது போதும், இனிமேல் நேராகப் போகலாம் என்று இந்தப் பழைய படகை வாங்கினார். கால்மேல் கால் போட்டுக்கொண்டு கடலை வேடிக்கை பார்க்கிறேன் என்று என் தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கரைக்கு வந்தால் தண்ணீர் கேன் தூக்க வேண்டும், டீசல் கேன் தூக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், துறைமுக அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகத் தேவுடு காக்க வேண்டும். கரையை விட்டால் நாலு மணி நேரம் தூக்கம், நாலு மணி நேரம் காவல். உல்லாசப் பயணத்தின் லட்சணம் இதுதான்.

அடுத்தது பதினெட்டு நாள் கடல். நடுவில் ஒதுங்கக்கூட ஓர் இடம் கிடையாது. நாளை காலை கிளம்ப வேண்டும். மூன்று வாரமாக அவர் கப்பியும் கயிறும் திருகாணியுமாகவே கிடந்தார். என்ன வேலை என்று கேட்டால், "சின்ன ரிப்பேர்தான்" என்பார். எனக்குக் கேட்கவும் அலுத்துப்போயிற்று.

சலவைக் கடையில் மூட்டையைப் போட்டேன்.

"மாடி ரூம் காலியாத்தான் இருக்கு அக்கா, சொல்லிட்டீங்களா?" என்றாள் கடைக்காரி.

"இன்னைக்குச் சொல்லிடுவேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

துணி சுற்றி முடிக்கும்வரை வழக்கம்போல மாடி அறையில் போய்ப் படுத்தேன். இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, சாயம் போன திரை. அந்தக் கட்டில் ஆடவில்லை. என் உடம்புதான் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். கஷ்டம் என்று ஒன்றுமில்லை, அசதி. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அசதி. ஒரு வருடம் இங்கேயே தூங்கச் சொன்னாலும் தூங்குவேன்.

பிறகு சந்தை. முட்டைக்காரர் பெரிய தட்டுகள் இரண்டை எடுத்து வைத்திருந்தார்.

"அறுபது சொல்லியிருந்தீங்களேம்மா."

"முப்பது போதும்."

அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றிலும் பாதிதான் வாங்கினேன். ஒரு ஆளுக்குச் சாமான். இதைப் பார்த்தாவது வீட்டுக்காரரே கேட்டுவிடட்டும் என்று பார்த்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடலாம். நானாக ஆரம்பிக்கத்தான் வாய் வரவில்லை.

படித்துறைக்கு அவர் ரப்பர் படகில் வந்தார். அட்டைப்பெட்டியோடு கரப்பான் முட்டையும் படகேறிவிடும் என்பதால் அங்கேயே எல்லாவற்றையும் பிரித்துக் கூடையில் மாற்றுவோம். முட்டைத் தட்டை எடுத்தவர் அதைப் பார்த்தார். இன்னொரு தட்டு எங்கே என்று தேடுகிற மாதிரி என் பின்னால் ஒருமுறை பார்த்தார்.

"வெயில் ஏறுது, வா" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் என்னோடு குப்பை கொட்டிய மனுஷனுக்கு இதுகூடவா உறைக்காது?

படகின் கீழறையில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கூப்பிட்டார்.

"பெரிய பாயை ஒரு தடவ ஏத்திப் பாத்துடலாமா?"

பாயை ஏற்றுவது என் வேலை. அவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொள்வார், நான் பாய்மரத்தடியில் நின்று கயிற்றை இழுப்பேன். முணுமுணுத்துக்கொண்டே போய் நின்று கையை நீட்டினேன். கயிறு இல்லை. கயிற்றைச் சுற்றி வைக்கிற கொக்கி மொட்டையாக நின்றது. கீழே ஒரு புதுக் கப்பி. அதற்குள் நுழைந்த கயிறு தளத்தோடு தளமாகப் பின்னால் ஓடி, சுக்கானுக்குப் பக்கத்தில் அவர் கையில் முடிந்தது. ஒன்றல்ல, நாலு கயிறும் அப்படியே.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே ஆளாக இழுத்தார். பாய் லிஃப்ட் மாதிரி அலுங்காமல் ஏறியது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"இந்த ஊருக்கு வந்த நாலாம் நாள்லேர்ந்து."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"துணி துவைக்கப் போனா சாயங்காலம்தான் வர்றே. வரும்போது கன்னத்துல தலகாணி வரி இருக்கு." கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். "படகு வாங்கும்போதே உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம கூட்டிட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"நீ போறேங்கிறதை நானே எப்படிச் சொல்றது?"

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மூன்று வாரமாக எனக்கு வராத பேச்சை அவர் மிச்சப்படுத்திவிட்டார். ஆனால் என் கை அந்த மொட்டைக் கொக்கியையே தடவிக்கொண்டிருந்தது. இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

கீழே போய் முட்டைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை திருப்பி வைக்கணும். இல்லைன்னா கரு ஓட்டுல ஒட்டிக்கும், சீக்கிரம் கெட்டுடும்."

"இத்தனை நாளா நீதான் பண்ணினியா?"

"பின்னே, தானாத் திரும்புமா?"

"எத்தனை இருக்கு?"

"முப்பது."

"படித்துறையிலேயே எண்ணிட்டேன்" என்றார்.

பிறகு முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக்கி, சத்தம் வராமல் வைக்க ஆரம்பித்தார். இன்று வாங்கிய முட்டையை இன்றே திருப்ப வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. முப்பதையும் திருப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.