பேப்பரில் வந்த அம்மா

...அடிக்க ஓங்கிய கை இல்லையாம், தடுக்க நீட்டிய கையாம், அக்கா மூன்றாம் தடவையாகச் சொல்கிறாள், அருங்காட்சியக அதிகாரி தலையை மட்டும் ஆட்டுகிறார், மேசை முழுக்க விரித்த பெரிய படம், சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ஸ்டேப்ளர், இந்த மூலையில் என் கைப்பை, அதையொட்டி அம்மா... கல்யாணமான புதிதில், ரயில் நிலைய கேன்டீன் உடுப்போடு, வலது கை தலைக்கு மேலே. அதற்கு அந்தப்பக்கம் வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய பெஞ்ச், அதில் ஒரு கறுப்பினப் பெண், மடியில் புத்தகப் பை, சுற்றிலும் வாய் பிளந்து கத்துகிற எங்கள் வெள்ளை இனத்து ஆட்கள். "கத்துறவங்கள்ல ஒருத்தியா எங்கம்மாவைப் போட்டீங்கன்னா நடக்கிறதே வேற" என்கிறாள் அக்கா. "நானா எதையும் போடலைம்மா. அடிக்கப் போறாங்கன்னு பாக்கிறவங்க சொல்றாங்க, தடுக்கிறாங்கன்னு நீங்க சொல்றீங்க. பெத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒண்ணுபோல சொன்னா படத்துக்குக் கீழே அதையே எழுதிடறேன்." ரெண்டு பேரும்... அக்கா சொல்லியாயிற்று, பாக்கி நான்தான்.

எனக்கு இந்தக் கையைத் தெரியாதா, கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தோமே, பேப்பரில் வந்த அம்மா என்று அப்பா கத்தரித்து ஒட்டியது, அம்மாவும் கையும் மட்டும், பின்னால் கொஞ்சம் புகை... யாரையோ கூப்பிடுகிறாள் என்பேன் நான், ரயிலுக்குக் கையசைக்கிறாள் என்பாள் அக்கா, அதற்கே எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றதுண்டு. மிச்சப் பேப்பரை என்ன செய்தார் அப்பா, அடுப்பிலா, அலமாரித் தட்டில் விரித்தாரா, கத்தரிக்கோல் அந்தப் பெண்ணின் தோளை உரசிக்கொண்டுதானே போயிருக்கும்... அம்மாவிடம் கேட்டால் வேலையைப் பாருடி என்று இதே கையை ஓங்குவாள், சில நாள் கன்னத்தில் இறங்கும், சில நாள் தலையைக் கோதிவிட்டுப் போகும், எது என்று இறங்கும்வரை அவளுக்கே தெரியாது.

"வாயில பூட்டா போட்டிருக்கு? சொல்லேண்டி. செத்தவளா வந்து சொல்லப் போறா?" என்கிறாள் அக்கா. இல்லை என்று நான் சொன்னால் இனி என் வாசல்படி மிதிக்க மாட்டாள், ரோஷக்காரி, எனக்கென்று மிஞ்சியிருப்பது இவள் ஒருத்தி... ஆமாம் என்றால் என்ன குறைந்துவிடும், தடுத்தும் இருக்கலாமே, விரல்கள் விரிந்துதானே இருக்கின்றன, அடிக்கிற கை விரியுமா, விரியும், என் கன்னத்தைக் கேட்டால் சொல்லும்... ஆனது ஆகட்டும், ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று கைப்பையை எடுத்தேன், அந்த மூலை சுருண்டு வந்து அம்மாவை மூடியது, கையும் போயிற்று. இந்தத் தடவை மிஞ்சியது அந்தப் பெண். கழுத்தை உள்ளுக்கு இழுத்து, ஒரு தோளைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள்... அடியோ தடுப்போ, அவளுக்கு அது வந்துகொண்டிருந்த ஒரு கை, அவ்வளவுதானா. இத்தனை நேரம் பேசினோமே, இவளை யாராவது பார்த்தோமா. "என்னடி சொல்றே?" என்கிறாள் அக்கா. படத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், கை வரவில்லை எனக்கு.