அட்டர்னி எந்தப் பக்கம்?

எங்கள் முதலாளி பல்தசார் கின்தேலாவை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. போர்ச்சுகலில், எங்கள் போர்த்தோ ஊரில், பட்டம் வாங்கியவர் எல்லாருமே டாக்டர்தான். முப்பது வருஷமாக நீதிமன்றக் காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை குத்துகிறார். மொழிபெயர்ப்பு என்பது அவர் நினைப்பு. அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுத்து ஒட்டுவார், அவ்வளவுதான்.

அன்று காலை ஓர்லா ஆரஞ்சு கேக்கோடு வந்து நின்றாள். அயர்லாந்துக்காரி, சுற்றுலா வேன் ஓட்டுகிறவள். ஒரு பெரியவரை வேனால் இடித்துவிட்டாள் என்று வழக்கு. ஜூன் மாதம் நீதிமன்றம் அவளை விடுதலை செய்திருந்தது. எங்கள் போர்ச்சுகீஸ் அவளுக்குப் பேச வரும், படிக்க வராது.

“ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்! கவர்மென்டே எனக்கு ஒரு அட்டர்னி வச்சிருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்ததப் படிச்சுதான் தெரிஞ்சுது. என் வக்கீல் தூல்சேகிட்ட, இனிமே நீங்க வேணாம்னு எழுதியே குடுத்துட்டேன்.”

டாக்டர் சிரித்தபடி கேக்கை வெட்டினார். நான் ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். ‘பப்ளிக் மினிஸ்ட்ரியின் அட்டர்னி, கோர்ட் ஆஃப் ரிலேஷன்ஸில் அப்பீல் செய்துள்ளார்’ என்று இருந்தது. அட கண்றாவியே! இவளை விட்டது தப்பு என்று அரசுத் தரப்பு பிராசிக்யூட்டர், போர்ச்சுகீஸில் புரொகுராடோர், மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் மேல்கோர்ட்டின் பெயர் ரெலஸாவ்; அந்தச் சொல்லுக்கு உறவு என்றும் அர்த்தம் உண்டு. அதை இந்த மனுஷன் உறவுமுறை ஆக்கிவிட்டார்.

“ஏம்மா ஓர்லா, இது எந்த கோர்ட்டுன்னு நெனச்ச?”

“சொந்தக்காரங்க கோர்ட்டுதானே? என்னால எங்க வீட்ல எல்லாரும் பட்ட அவமானத்துக்கு நியாயம் கேக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“அடிப் பாவி! அந்த அட்டர்னி உன் ஆளே இல்ல. உன்ன உள்ள தள்ளணும்னு நிக்கிறவரு. பதில் போட முப்பது நாள்தான் டைம். இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஜெயிலா?” என்றாள்.

“எடில்டே, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத,” என்றார் டாக்டர், வாயில் கேக்கோடு. “புரொகுராடோர்னா அட்டர்னி. அகராதில இருக்கு.”

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. தூல்சேக்கு போன் போட்டேன். “அவளேதான என்ன வேணாம்னா!” என்று எரிந்து விழுந்தாள். விஷயத்தைச் சொன்னதும், “ஐயோ! புது வக்காலத்து அனுப்பறேன். உடனே கையெழுத்து வாங்கு,” என்றாள்.

அது வந்ததும் டாக்டர் எட்டிப் பார்த்துக் கொக்கரித்தார். எங்கள் வக்காலத்தில் வக்கீலையும் புரொகுராடோர் என்றுதான் போடுவோம்.

“பாத்தியா! தூல்சே பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? இது அட்டர்னிதான?”

“இங்க அட்டர்னிதான் டாக்டர். தூல்சே இவ பக்கம் நிக்கிறாங்க. அப்பீல் போட்டவரு எதிர்ப்பக்கம் நிக்கிறாரு. முப்பது வருஷமா வார்த்தையத்தான் பாத்தீங்க. ஆள் எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?”

ஓர்லா பேனாவை எடுத்தாள். “இவங்க என் ஆளுதானே?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டாக்டர் மேஜையிலிருந்த மிச்ச கேக்கைத் தட்டோடு தூக்கி என் மேஜையில் வைத்தாள். அவர் கையில் கடித்த துண்டு மட்டும் இருந்தது.

மறுநாள் தூல்சே பதிலைத் தாக்கல் செய்தாள். பிப்ரவரியில் தீர்ப்பு மொழிபெயர்ப்புக்கு எங்களிடமே வந்தது. டாக்டர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் ஆங்கிலத்தில் டைப் செய்தேன்: ‘பிராசிக்யூட்டரின் அப்பீல் தள்ளுபடி.’

முத்திரை குத்த அவரிடம் கொண்டுபோனேன். அந்த வரியில் ‘பிராசிக்யூட்டர்’ என்ற சொல்லையே ரொம்ப நேரம் பார்த்தார். அகராதியைத் தொடாமல் குத்தினார்.