எஞ்சின் சூடாகாவிட்டால்

1

இந்தக் கதை நான் திருடியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பண்டாரவளையில் ஒரு கராஜில் என் வேனுக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிப் போட்ட பஸ் சீட் ஒன்றில் நான் முந்தாநாள் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். மின்சாரத்தில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஒன்றைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பம்பைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது.

“எஞ்சின் சூடாகாட்டி அவ வருவா.”

அவ்வளவுதான். என் வேன் தயாராகிவிட்டது, நான் எழுந்து போய்விட்டேன். அவ யார், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் சொன்னார் என்பது வெலிமடை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நேரில் கேட்கத் துப்பில்லாததை எல்லாம் வீட்டுக்கு வந்து எழுதிச் சமாளிப்பதே என் பிழைப்பு.

2

தொடக்கம் ஒன்று: அப்புத்தளை முகட்டிலிருந்து மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு

[வேண்டாம். அப்புத்தளை என்றால் எல்லோரும் பனியை இறக்கிவிடுகிறார்கள்.]

தொடக்கம் இரண்டு: தனிமை என்பது

[இது அதைவிட மோசம்.]

தொடக்கம் மூன்று: இத்ரூஸ் கதவைத் திறந்து, யாருமில்லாத வீட்டுக்கு ஸலாம் சொன்னார்.

இது நிற்கட்டும். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது அவர்களுடைய வழக்கம். முன்பெல்லாம் சமையலறையிலிருந்து பதில் வரும். எட்டு மாதமாக வருவதில்லை. இத்ரூஸ் சொல்வதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் குறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் வெட்கம்.

3

பதுளை பசாரில் முப்பது வருடம் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர் இத்ரூஸ். மனைவி நபீலா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இருந்த இடத்தில் கார் இருந்தது என்று

[வெட்டு. பிள்ளை இருந்த இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அழகாக எழுத ஆசைப்பட்டுப் பொய் எழுதுகிறேன்.]

கார் இருந்தது. எண்பதுகளில் வந்த சின்ன ஜப்பான் கார். அதன் சொந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு, டர்போ பூட்டிய பெரிய எஞ்சினை இறக்கியிருந்தார். ஊவா மலைகளில் அதை மிஞ்ச வண்டி இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஓடும்வரை உண்மைதான். தேயிலைக் கொழுந்து லொறி ஒன்றுக்குப் பின்னால் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் போதும், சூட்டுமுள் சிவப்புக்குப் போய்விடும். பெல்ட்டில் சுழலும் பம்பு எஞ்சினின் வேகத்துக்குத்தான் தண்ணீரைச் சுற்றவிடும். எஞ்சின் ஊர்ந்தால் பம்பும் ஊரும், சூடு மட்டும் ஊராது.

எட்டு மாதத்துக்கு முன்பு, அப்புத்தளையில் இருக்கும் நபீலாவின் தங்கை ஸகீனா வீட்டில் வலீமா கல்யாண விருந்து. தியத்தலாவையைத் தாண்டிய ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. மழைத் தூறல். நபீலா புதுச் சேலையோடு தெருவோரம் நின்றார். இத்ரூஸ் பொனட்டுக்குள் தலையை விட்டவர் விட்டவர்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வழியாக ஒரு பஸ் வந்து நின்று புறப்பட்டது. பஸ் உரசிக்கொண்டு போகும்போது இத்ரூஸ் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, தலையைத் தூக்காமலே கையைப் பின்னால் நீட்டித் துணியைத் தரச் சொன்னார். கை நீட்டியபடியே இருந்தது.

நபீலா அந்தப் பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அதோடு பதுளைக்குத் திரும்பவில்லை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: முதல் பிரதியில் இத்ரூஸை ‘அவர்’ என்றும் நபீலாவை ‘அவள்’ என்றும் எழுதியிருந்தேன். இந்தப் பஸ் வந்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. திரும்பிப் போய் எல்லாவற்றையும் திருத்தினேன்.)

4

பெண்சாதி ஏன் போனார் என்று இத்ரூஸைக் கேட்டால், பம்பு சரியில்லை என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் மனமார நம்புகிறார். எஞ்சின் சூடாகியது, கோபம் வந்தது. எஞ்சின் சூடாகாவிட்டால் கோபம் தீரும். கணக்கு அவருக்குச் சரியாகவே இருந்தது. அதனால்தான் அந்த மின்பம்பை வரவழைத்தார்.

இரண்டு வாரம் தனியாக வேலை செய்தார். பழைய பம்பின் இதழ்களை அறுத்தெடுத்துவிட்டு, பெல்ட் ஓடுவதற்காக அதன் உடம்பை மட்டும் திரும்பப் பூட்டினார். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி, நடுவில் மின்பம்பை வைத்தார், அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி. சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கும் தேமஸ்டாட்டைக் கழற்றினார். காரின் முகத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். ஹோஸைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்ட இடத்தில் முழங்காலால் பிடித்துக்கொண்டார். பகல் சாப்பாடு கடையில் வாங்கிய பாணும் பருப்பும். ஒரு கோப்பையைக் கழுவி, கவிழ்த்து, அடுத்த நாள் அதையே எடுத்தார்.

வயர் வேலைக்கு மட்டும் அஜந்தனைப் பதுளைக்குக் கூப்பிட்டார். பூனாகலை தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பண்டாரவளையில் வாகன வயரிங் கடை போட்டிருக்கும் ஆள். பம்பை பெட்டரியோடு நேராக இணைத்து, சூட்டைப் பார்த்து ஓட்டும் கொன்ட்ரோலரையும் வைத்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாலும் பம்பு மட்டும் மூன்று நிமிடம் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனான். இத்ரூஸ் தலையாட்டினார்.

5

முதல் ஓட்டம் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு. ஹாலிஎலயில் ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் முள் பாதியைத் தாண்டவில்லை. இத்ரூஸ் சந்தோஷத்தில் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பண்டாரவளையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், காருக்கடியில் தண்ணீர் கொதித்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும். ஏற்றத்தில் சூடாகாத வண்டி நின்ற பிறகு கொதிக்கிறது. மூன்றாம் முறை இத்ரூஸ் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

கடைசியில் அஜந்தனின் கடைக்கே போனார். வண்டியை நிறுத்தினார். “வாங்க நானா” என்று அண்ணன் முறை வைத்து அஜந்தன் சொல்லி வாய் மூடுவதற்குள் இறங்கி, பொனட்டைத் தூக்கி, பெட்டரி வயரைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார். பழைய காரில் எங்கோ மின்சாரம் கசிந்து பெட்டரி செத்துப்போகும். அதனால் நிறுத்தியதும் வயரைக் கழற்றுவது பத்து வருடப் பழக்கம். அது கையின் வேலை, இத்ரூஸுக்குத் தெரியவே தெரியாது.

அஜந்தன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நானா, பம்ப நீங்கதான் கொல்றீங்க” என்றான். “வண்டி நின்னாப்புல சூடு நின்னுடாதுங்க. நின்ன பொறகுதான் ஏறும். கொஞ்சம் வுடுங்க. ஒண்ணும் செய்ய வேணாம், கையக் கட்டிக்கிட்டு சும்மா நில்லுங்க.”

[அஜந்தனை இந்த இடத்தில் சந்தேகிக்கிறேன். வயரிங்காரன் வயரைப் பற்றித்தான் பேசினான். ஆனால் அவன் பேசுவது நபீலாவைப் பற்றி என்று நினைக்க எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரு தடவை வெட்டினேன். பிறகு திரும்ப வைத்தேன், ஏனென்றால் இத்ரூஸ் அதை வயரைப் பற்றியது என்று மட்டுமே எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.]

6

இங்கே ஒரு தொலைபேசி உரையாடல் நாலு பக்கத்துக்கு இருந்தது. நபீலா மனம் திறந்து பேசினார், இத்ரூஸ் உடைந்து போனார். படித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னைப் போலவே பேசினார்கள். முழுவதையும் தூக்கிவிட்டேன்.

மிச்சம் இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வருவதாக இத்ரூஸ் சொன்னார். காரிலா என்று நபீலா கேட்டார். ஆமென்றார். பார்த்து வரச் சொல்லிவிட்டு நபீலா போனை வைத்துவிட்டார்.

பார்த்து வாருங்கள் என்பதை வரச் சொன்னதாக எடுப்பதா, வழக்கமாகச் சொல்வது என்று எடுப்பதா என்று இத்ரூஸ் வெள்ளிவரை யோசித்தார். நானும் யோசித்தேன்.

7

வெள்ளிக்கிழமை. எல்லா ஏற்றமும் ஏறியாயிற்று. தியத்தலாவை தாண்டிய அந்த இடத்தையும் கார் முனகாமல் கடந்தது. முள் பாதியில் நின்றது.

ஸகீனா வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது, பம்பு மட்டும் மெல்ல ஓடியது. பெட்டரியைத் தேடிக் கை போகாதபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வண்டி நின்ற பிறகு பொனட்டைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார்.

கதவு திறந்தது. நபீலா படியிறங்கி வந்தார். இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வாளி நிறையத் தண்ணீர். இத்ரூஸின் கார் எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் கொதித்துக்கொண்டுதான் வரும். யாரும் சொல்லாமலே நபீலா தண்ணீர் கொண்டுவருவார். கார் சத்தம் கேட்டதும் இன்றும் வாளியில் பிடித்திருக்கிறார்.

“தண்ணி கொண்டாந்தீக்கேன்” என்றார் நபீலா.

இதை நான் திட்டமிடவில்லை. எஞ்சின் சூடாகாவிட்டால் வருவார் என்று நம்பித்தான் இத்ரூஸும் நானும் இவ்வளவு தூரம் ஏறி வந்தோம். நபீலா வந்தது எஞ்சின் சூடாகியிருக்கும் என்று நினைத்து.

முடிவு அ: “சூடாகல்ல, வாணாம்” என்கிறார் இத்ரூஸ், பெருமையாக. நபீலா தலையாட்டிவிட்டு, தண்ணீரை அந்தூரியச் செடிக்கு ஊற்றி, உள்ளே போகிறார்.

முடிவு ஆ: சூடாகிவிட்டது என்று இத்ரூஸ் பொய் சொல்கிறார். நிறைந்த ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்ற, அது வழிந்து தெருவில் ஓடுகிறது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்குப் பிறகு நபீலாவைக் காரில் ஏற்ற மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஏறவில்லை.

முடிவு இ: இத்ரூஸ் இறங்கி, நபீலாவின் முகத்தைப் பார்த்து, முதலில்

[முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வீட்டிலும் யாராவது இருந்திருப்பார்கள்.]

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். யாரிடமாவது ஒரு முறையாவது சரியாகச் சொல்லியிருப்பீர்கள். இத்ரூஸ் காரிலிருந்து இறங்கிவிட்டார், வாய் திறக்கப் போகிறார். கொஞ்சம் சீக்கிரம் சொல்லிக்கொடுங்கள். வாளி கனம், நபீலாவுக்குக் கை நோகிறது.