யார் கைக்குழந்தை?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பால் புட்டியைப் பார்த்ததால் வந்த வினை.

1987. பள்ளி விடுமுறை. நண்டு வாங்கலாம் என்று போர்ட் கிள்ளான் ஜெட்டிக்குப் போயிருந்தேன். (ரவாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவன் நான். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். நண்டுக்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், கேட்க வேண்டியவள் வீட்டில் கேட்டுவிட்டாள்.) புலாவ் கெத்தாம் தீவிலிருந்து படகு வந்து நின்றது. இறங்கியவர்களில் ஓர் இளம் பெண். ஒரு கையில் பால் புட்டி, மறு கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க். தோளில் துணிப்பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பவுடர் டின். கக்கத்தில் சின்னக் குடை. கழுத்தைச் சுற்றி எச்சில் துடைக்கும் துணி. கைக்குழந்தைக்கு வேண்டியது அத்தனையும் இருந்தது. குழந்தை இல்லை.

பின்னால் வந்த கணவன் கழுத்தில் கேமரா மட்டும் தொங்கியது.

"பாப்பா எங்கம்மா?" என்று கேட்டிருக்கலாம். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், கேட்காமல் வந்துவிட்டோமே என்று உறுத்தியது. வீட்டுக்கு வந்து நண்டை என் மனைவி இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்தக் குழந்தை எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2

அந்தப் பெண்ணுக்குச் சிவமலர் என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்:

"வெண்மணல் விரிந்த கரையில், தென்னங்கீற்றுகள் சாமரம் வீச, மழலையை மார்போடு அணைத்தபடி சிவமலர்—"

நிறுத்திவிட்டேன். புலாவ் கெத்தாமில் மணல் கிடையாது. சேறு. தென்னையும் சாமரம் வீசாது, சுற்றிலும் சதுப்புக்காடு. வீடுகள் எல்லாம் சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. தவிர, மழலையை அணைக்க முடியாது. மழலை என்பது குழந்தையின் பேச்சு. இந்தக் குழந்தைக்கு மூன்று மாதம், பேச்சே வரவில்லை. இலக்கண வாத்தியார் எழுதுகிற லட்சணம் இது.

இரண்டாவது தொடக்கத்துக்குப் பேனாவைத் திறந்தபோது, கணவன் பாத்திரம் குறுக்கிட்டான். அவனுக்குக் கிரிகரி என்று பெயர் வைத்திருந்தேன். கத்தோலிக்கக் குடும்பம், மூன்று தலைமுறையாக ரயில்வே.

"சார், தீவுன்னா லங்காவி போட முடியாதா? சேத்துக்கு எதுக்கு சார் கேமரா?"

"நான் லங்காவி போனதில்லையேப்பா."

"நீங்க போகலன்னா நாங்களும் போகக்கூடாதா? என்ன சார் நியாயம்லா இது?"

நியாயமில்லைதான். ஆனால் தெரியாத இடத்தைப் பற்றி எழுதினால் ஊர்க்காரர் யாராவது கடிதம் போட்டுக் கிழித்துவிடுவார்கள். எனவே புலாவ் கெத்தாம். தொடக்கமே இல்லாமல் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

3

அவர்கள் ஏன் தீவுக்குப் போகிறார்கள்? ஊர் சுற்றிப் பார்க்கத்தான் என்று முதலில் எழுதினேன். சிவமலர் அந்த வரியை ஏற்கவில்லை.*

* பாத்திரங்கள் இப்படிச் செய்வார்கள் என்று எழுத்தாளர்கள் பேட்டியில் சொல்லும்போது நான் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்கமாட்டேன்.

அவள் சொன்ன காரணம் வேறு. சிவமலர் யாழ்ப்பாணத்து வழி வந்த இந்துக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டார் வருவதில்லை. இருப்பது ரயில்வே குவார்ட்டர்ஸில், மூன்று நாத்தனார்களோடு. மூவரும் தங்கமானவர்கள். சிக்கலே அதுதான். மூத்தவள் உர்சுலா விடிந்ததும் வந்து தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொள்வாள். அவளிடமிருந்து அடுத்தவள், அவளிடமிருந்து கடைக்குட்டி, அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள். குழந்தை சாயங்காலம் தூங்கிப்போய்த்தான் திரும்பி வரும்.

"பால் குடுக்கவாவது என் கைக்கு வந்துச்சு. இப்ப புட்டியிலயும் பழக்கியாச்சு. அந்த வேலையும் போச்சு," என்றாள் சிவமலர்.

"எல்லாம் பாசத்துலதான மலர்," என்றான் கிரிகரி.

"நான் வேணாம்னா சொன்னேன்? ஒரு நாள். ஒரே ஒரு நாள் என் புள்ளைய நானே வச்சுக்கணும். யாரும் தெரிஞ்சவங்க இல்லாத எடமா கூட்டிட்டுப் போங்க. சுபாங் ஜெயா வேணாம், அங்க உங்க சித்தப்பா இருக்காரு. நாலு பக்கமும் தண்ணியா இருக்கணும்."

பேனாவை மூடி வைத்தேன். இதை நான் திட்டமிடவில்லை. ஏதோ ஒரு தீவு, ஏதோ ஒரு குழந்தை என்று ஆரம்பித்த இடத்தில், தன் பிள்ளையை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க ஆசைப்படும் ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். இவளை ஏமாற்றக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

படகு. இந்தப் பகுதியை ஒரே மூச்சில் எழுதினேன். அப்படியே தருகிறேன்:

"படகு கிளம்பியதும் வெயில் உள்ளே அடிக்க, குடையைத் திறக்க ஒரு கை வேண்டுமென்று சிவமலர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்ற, பக்கத்தில் இருந்த சீன ஆன்டி 'கெமுக் லா!' என்று மலாயில் குண்டென மெச்சி அதன் கொழுத்த தொடையைக் கிள்ளி, சிவமலர் 'பரவால்ல ஆன்டி, நானே—' என்பதற்குள் வாங்கி, மடியில் வைத்து ஆட்டி, பின்னாலிருந்த மலாய்ப் பெரியம்மாவிடம் நீட்ட, அவர் முக்காட்டு நுனியால் அதன் வாயைத் துடைத்து, ஒரு பாட்டுப் பாடி, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து உல்லாசப் பயணம் வந்திருந்த தமிழ்க் கோஷ்டியிடம் கொடுக்க, அதில் ஓர் அக்கா வாங்கி, கொஞ்சி, மூக்கோடு மூக்கு உரசி, இன்னொருவர் வாங்கி, போட்டோவுக்கு நின்று, அதற்கடுத்தவர்—"

இந்த இடத்தில் வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. புதிய தோங்கை, அதாவது சிலிண்டரை, தூக்கி மாட்டி, ரெகுலேட்டரைத் திருகி, கை கழுவிவிட்டு வந்து ஐந்தாம் பகுதியைத் தொடங்கினேன்.

5

தீவு பிரமாதமாக அமைந்தது. பலகைப் பாதையில் சைக்கிள்கள் கடகடத்தன. வீட்டுக்கு அடியில் கடல் வந்து போயிற்று. சீனக் கோயிலில் ஊதுவத்தி. கிரிகரி சிவமலரோடு கடையில் நண்டு சாப்பிட்டு, விரலை நக்கி, "சேறுன்னாலும் டேஸ்ட்டுதான் சார்," என்று ஒப்புக்கொண்டான். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் இராஜம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள். கடைசி வரியில் கண் துடைத்தாள்.

"அழுகை வருதா?" என்றேன்.

"வெங்காயம். ஏங்க, புள்ள எங்க?"

"எந்தப் புள்ள?"

"படகுல ஏறுச்சில்ல, அந்தப் புள்ள. அவங்க ரெண்டு பேரும் நண்டு சாப்புடறாங்க. புள்ளைய யாரு வச்சிருக்கா?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்தாம் பகுதி முழுவதும் சைக்கிள் இருந்தது, ஊதுவத்தி இருந்தது. குழந்தை இல்லை.

"எங்கன்னு கண்டுபுடிக்கத்தான எழுத ஒக்காந்தீங்க?" என்றாள் இராஜம்மா. "நீங்களே தொலைச்சிட்டு வந்து நிக்கிறீங்களே."

6

நான்காம் பகுதிக்கு ஓடினேன். தவறு எங்கே நடந்தது என்று உடனே தெரிந்தது. வாங்கி, ஆட்டி, நீட்ட, கொஞ்சி, உரசி, நின்று: எல்லாம் வினையெச்சம். முற்றுவினை வரவேயில்லை. தமிழில் இது ஒரு வசதி. எத்தனை பேர் கைக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொண்டே போகலாம், எங்கேயும் முடிக்க வேண்டியதில்லை. நான் கேஸ் மாற்றப் போனேன். வாக்கியம் வாயைத் திறந்தபடி கிடந்தது. குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டது.*

* எச்சம் என்ற சொல்லுக்குப் பிள்ளை என்றும் ஒரு பொருள் உண்டு. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வியர்க்கிறது.

கைக்குழந்தை என்கிறோம். யார் கை என்று அந்தச் சொல்லும் சொல்வதில்லை.

சரி, இழுத்துப் பிடித்து ஒரு முடிவு எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

முடிவு அ: குழந்தை அவ்வளவு நேரமும் கிரிகரியிடம்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். (இராஜம்மா: "கேமராவே அவன் கையில ஒழுங்கா நிக்கல.")

முடிவு ஆ: குழந்தை அதே படகில் திரும்பிப் போயிற்று. மறுபடி தீவுக்கு வந்தது. மறுபடி போயிற்று. பயணிகள் மாற மாற மடிகள் மாறின. படகிலேயே குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, பல் முளைத்து, மீசை முளைத்து, ஒரு நாள் படகில் டிக்கெட் கிழிக்கும் இளைஞனாக நின்று, தன் தாய் என்று அறியாமலே நரைத்த சிவமலருக்கு டிக்கெட் கொடுத்தான். இதை எழுதும்போது நான் நிஜமாகவே அழுதேன். வெங்காயம் எல்லாம் ஒன்றும் இல்லை.

"சார்," என்றாள் சிவமலர்.

தாளிலிருந்து நிமிர்ந்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எனக்கு மூணு மாசப் புள்ளதான் வேணும்."

முடிவு இ: "காலம் காயத்தை ஆற்றும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சிவமலர் நடந்தாள்." எழுதிவிட்டேன். அவள் நடக்கவில்லை. மறுபடி எழுதினேன். கிரிகரி மட்டும் நாலு எட்டு நடந்து, அவள் வராததைப் பார்த்துத் திரும்பினான். நண்டுக்கடைக்கு அவள் வந்ததாக எழுதியிருந்தேனே, அதையும் மறுத்துவிட்டாள். தான் படகை விட்டு இறங்கிய இடத்திலேயே நிற்பதாகவும், சாப்பிட்டதெல்லாம் என்னுடைய கற்பனை என்றும் சொன்னாள்.

"புள்ள கைக்கு வராம நான் அடுத்த பத்திக்கு வரமாட்டேன்."

7

வேறு வழியில்லாமல் நானே போனேன்.

ஆசிரியன் கதைக்குள் கால் வைக்கக்கூடாது என்பார்கள். வைத்தேன். நான்காம் பகுதியில் படகு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் விட்டுப்போன இடத்துக்குப் பிறகும் அந்த வாக்கியத்தில் ஆட்கள் இருந்தார்கள்: கோஷ்டியின் அக்காமார், மீன்கூடைக்காரர், தூக்கம் கலைந்த ஒரு போலீஸ்காரர். எல்லோர் முகத்திலும் குழந்தையை வைத்திருந்த களை. எனக்கு ஆத்திரம் வந்தது. கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

"அங்கிள், கொஞ்சம் புடிங்க, நான் பேக் எடுக்கணும்," என்று யாரோ என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

குழந்தை.

நான் நினைத்ததைவிடக் கனம். புளித்த பால் வாசம். அடியில் ஈரம். வழுக்கைத் தலையில் வெயில் பட்டு மினுமினுத்தது. என்னை ஒரு முறை பார்த்தது. சந்தேகமாகத்தான் பார்த்தது. பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்! பஸ்ஸில் ஏறியதிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததே, அது அடங்கியது.

படகு தீவில் கரை சேர்ந்தது. பலகை ஓரத்தில் சிவமலர் நின்றாள்.

"சார், குடுங்க."

"இதோம்மா," என்று சொல்லி எழுதினேன்: "நான் குழந்தையை நெஞ்சில் சாய்த்து, உச்சி முகர்ந்து, அதன் பிடியிலிருந்து விரலை விடுவிக்கப் பார்த்து, அது சிணுங்கவே விடாமல், கடலைக் காட்டி, கொக்கைக் காட்டி, இன்னும் ஒரே ஒரு முறை—"

"சார்."

"இதோ, ஒரு நிமிஷம்மா."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. கண் நிறைந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருமே நல்லவங்கதான் சார். எல்லாருமே ஒரு நிமிஷம்தான் கேக்குறாங்க. எனக்குன்னு மிச்சமே இல்ல."

வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. இவளை ஏமாற்றக்கூடாது என்று சொல்லிக்கொண்ட அதே ஆள்தான் நான். "கொடுத்தேன்" என்று எழுதிப் புள்ளி வைக்க வேண்டியதுதான் பாக்கி, அதற்குக் கை வரவில்லை. நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் கொக்கு வந்தது. என் கை நீளவில்லை, வாக்கியம்தான் நீள்கிறது.

இராஜம்மாவைக் கூப்பிட்டு, "நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடேன்," என்றேன்.

"என்கிட்ட குடுக்காதீங்க. நானும் வச்சுக்குவேன்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

8

ஆகவே நீங்கள்தான்.

இராஜம்மாவை விட்டால், இந்தக் குழந்தையை இன்னும் தொடாதவர் நீங்கள் ஒருவர்தான். பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. ஈரமாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். படம் பிடிக்காதீர்கள், கிரிகரி அருகில் நின்று அதற்கும் அடம் பிடிப்பான், காதில் வாங்காதீர்கள். கொக்கு வந்தால் பார்க்காதீர்கள்.

சிவமலர் உங்கள் எதிரிலேயே நிற்கிறாள். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகை அகலம்தான். இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறாள். நீங்கள் பார்க்கும் நேரத்தில் குழந்தை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். எல்லோரிடமும் சிரித்தது. ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். அந்த நிமிஷத்தில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "குடுங்க" என்று இன்னொரு தடவை அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.